வீரணனின் முன்கியர்

வெள்ளைக்காரன் சண்டைக்குச் செய்த ஜீப் வண்டி ஏலக்காய் மூட்டை சுமக்கப் போடிக்கு வந்து சேர்ந்தது அதன் தலையெழுத்து. சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப் போட்டதை ஏலத்தோட்ட முதலாளிகள் வாங்கினார்கள். பிறகு நம் நாட்டிலேயே ஜீப்பின் பாகங்களைப் பூட்டி விற்றார்கள். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியதும் பட்டறைகளில் பழைய இஞ்சினைப் பிடுங்கிவிட்டு டீசல் இஞ்சினை உட்காரவைத்தார்கள். எது மாறினாலும் முன்கியர் மட்டும் மாறவில்லை. அதைப் போட்டால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும், வண்டி சேற்றில் நிற்காது.

வீரணன் வாயைத் திறந்தால் அந்தப் பெருமைதான். "முன்கியரப் போட்டேன்னா நம்ம வண்டி செவுத்துல ஏறும்" என்பான். உண்மையில் அவன் வண்டியில் முன்கியர் வேலையே செய்யாது. முன்சக்கரத்துக்குப் போகும் சாப்ட்டைக் கழற்றிவிட்டால் டீசல் மிச்சமாகும் என்று மலை டிரைவர்கள் பலரும் கழற்றுவதுண்டு. மழைக்கு முன்னால் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். வீரணன் சோம்பேறி, பரணில் போட்டது போட்டபடி கிடந்தது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவனுடையது மூன்று வருடம் ஓடியது.

எண்பத்திரண்டாம் வருடம் ஆடிச் சாரலில், தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ராக்குவுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. லோடு ஏற்ற வந்த இரண்டு ஜீப்புகள் நின்றன. இன்னொரு டிரைவர் திருப்பதி, சாப்ட்டு மாட்டியிருந்த தன் வண்டியைக் கிளப்பப் போனான். ராக்குவின் மாமியார் ஒச்சம்மாள் அவனைத் தாண்டி வீரணனிடம் ஓடி வந்தாள்.

"அப்பு, ஒன் வண்டிதான் இந்தச் சேத்துல ஏறும். வெரசா எடு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள், திருப்பதி வேறு பார்த்துக்கொண்டிருந்தான். வீரணன் வண்டியை எடுத்தான்.

தார்ரோட்டுக்கு முந்தின ஏற்றத்தில் பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரியடித்தன. முன்கியர்க் குச்சியை இழுத்துப் போட்டான், ஊருக்குக் காட்ட. வண்டி அசையவில்லை. ராக்குவின் புருஷன் சோலை இறங்கித் தள்ளினான், ஒச்சம்மாளும் தள்ளினாள்.

"முன்கியரப் போட்டுமா ஏறல?" என்று கேட்டான் சோலை.

"பாரம் கூடிப்போச்சு" என்றான் வீரணன். வாய்க்கு வந்த பொய் அதுதான்.

ராக்கு பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். "நாந்தாண்ணே கனம். நடந்து வர்றேன்."

வேண்டாம் என்று சொல்லாமல் வீரணன் கியரை மாற்றினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலி வரும்போதெல்லாம் ஏலச்செடியைப் பற்றி நின்று நின்று, அவள் அந்த ஏற்றத்தை நடந்தே ஏறினாள். காலி வண்டி பின்னாலேயே முக்கி முக்கி வந்தது. முன்கண்ணாடி வழியாக அவள் முதுகைப் பார்க்க வீரணனுக்குக் கூசியது. செத்துப்போகலாம் போல இருந்தது.

போடி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். வீரணன் உள்ளே போனபோது நர்ஸ் ராக்குவின் கால்களில் அட்டைக் கடிக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலெல்லாம் ரத்தம்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் அவன் வந்திருந்தான். ராக்கு முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கங்கண்ணே. என்னாலதான் வண்டிக்குச் செரமம்."



"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி" என்றான் வீரணன்.

எவ்வளவு பெரிய மனசு என்று ஒச்சம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.