அழுக்குப் படாத டிக்கெட்

சட்டைப்பைக்குள் கையை விட்ட பிறகுதான் நாகஜோதிக்கு உறைத்தது, இந்தச் சட்டையை இனித் துவைக்க வேண்டியதில்லை என்று. பாழாய்ப்போன பழக்கம், கை கேட்டால்தானே! ஆஸ்பத்திரியில் அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவன்போலப் படுத்திருந்தான் அவள் புருஷன் சூர்யபிரகாஷ்.

"அதைத் தூரப் போடு தாயி," என்றாள் அவன் அக்கா அன்னக்கொடி.

சட்டைப்பையில் அவன் காலையில் எடுத்த பஸ் டிக்கெட் இருந்தது. வெள்ளையாக, கசங்காமல். அதுதான் அவளுக்கு இடித்தது. தினமும் அது எண்ணெயில் ஊறிக் கிழிந்துதான் வீடு வரும். சட்டையெல்லாம் கறை. கேட்டால், "மெசின்ல மாட்டுன இரும்புத் துண்டு, அதான் ஜாப்பு, அதுக்கு மேல டிக்கெட்ட வச்சு, வெட்டுற டூலை மெல்ல இறக்கணும். டிக்கெட்டக் கவ்வுனதும் அந்த உசரத்த மெசின்ல ஏத்தணும்," என்பான். "ஊருல வேற காகிதமே இல்லையாக்கும்," என்று வைவாள்.

போன் அடித்தது. திருமங்கலம் பட்டறையில் அவனோடு வேலை பார்க்கும் கருத்தக்கண்ணன்.

"மதினி, ஜாப்ப ஓடவிட்டுட்டுப் போகச் சொல்றாரு முதலாளி. அண்ணன் மயங்கி விழுகுறதுக்கு முன்னாடியே ஜாப்பப் பிடிக்கிற புது பிக்ஸ்சர மாட்டிட்டாரு. ஸ்கிரீன்ல ஆஃப்செட் உசரமும் ஏறியிருக்கு. ஸ்டார்ட்ட அமுக்கிட்டு மாலையோட வாரேன்."

"அமுக்காதடா!"

ஒப்பாரி நின்றது.

"டிக்கெட் இங்க இருக்குடா கண்ணா. அழுக்கே படல. அவரு உசரம் எடுக்கவே இல்ல. ஸ்கிரீன்ல இருக்கது பழசு!"

புத்தி பேதலித்துவிட்டது என்று அன்னக்கொடி போனைப் பிடுங்க வந்தாள். நாகஜோதி விடவில்லை. காதில் மெசின் இரைச்சல் மட்டும் கேட்டது. அமுக்கித் தொலைத்துவிட்டானோ? இன்னொருத்தி வீட்டிலும் இந்தப் பெட்டி வந்து இறங்க வேண்டுமா?

இரைச்சல் நின்றது.

"பழசுதான் மதினி. இந்தப் புது பிக்ஸ்சர் பழசவிட நாலு விரக்கடை உசரம். டூல் நேரா அதுல குத்தியிருக்கும். தெறிச்சு என் மூஞ்சிக்குத்தான் வந்திருக்கும்." அழுதுவிட்டான்.

"போட்டது போட்டபடி கெடக்கட்டும், வா. தூக்குறதுக்கு ஆள் வேணும்."

அன்னக்கொடி சட்டைக்கு மறுபடி கை நீட்டினாள். நாகஜோதி அதை மடியில் விரித்துப் பையைத் தடவினாள். இத்தனை வருஷம் கத்தியதற்கு இன்றைக்குத்தான் சொட்டு எண்ணெய் இல்லாமல் வந்திருக்கிறது.

"இன்னைக்கும் அழுக்காக்கிட்டு வந்திருக்கலாம்ல," என்றாள் பெட்டியைப் பார்த்து.

டிக்கெட்டைத் திரும்பப் பைக்குள் வைத்து, சட்டையை மடித்தாள்.