எலீஸ் சாகக் கூடாது

அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமுள்ள ஒரு பிரெஞ்சு நாவலின் முடிவை எம்.ஏ. தேர்வில் நான் தப்பாக எழுதினேன். படிக்காமல் எழுதவில்லை. மூன்று முறை படித்துவிட்டுத்தான் தப்பாக எழுதினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலர்கொடி அந்தப் புத்தகத்தைத் திறக்கவேயில்லை என்று இன்றைக்கும் இரண்டு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதில் ஒருத்தருக்கு நாவலின் பெயரே சரியாகத் தெரியாது.

எழுபத்து மூன்றாம் வருஷம். தஞ்சாவூரில் எம்.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. பாடங்களில் பெரியது 'நவீன மேற்கத்திய இலக்கியம்: அறிவொளிக் காலத்திலிருந்து இன்று வரை'. இருநூற்றைம்பது வருஷத்தை எட்டு மாதத்தில் முடித்தாக வேண்டும். எங்கள் பேராசிரியர் லியாகத் அலி வாரத்துக்கு ஒரு நாடு என்று ஓட்டினார். திங்கட்கிழமை ஜெர்மனியில் இறங்கினால் வெள்ளிக்கிழமை மூட்டை கட்டிவிட வேண்டும். எனக்கு அந்த ஓட்டம் பிடித்திருந்தது. குடவாசல் பக்கத்தில் வயல் வேலை செய்யும் ராசம்மாளின் மகளுக்கு, பாரிசில் எந்தக் கதாநாயகி எந்தத் தெருவில் நின்று அழுதாள் என்று தெரிந்திருப்பது லேசுப்பட்ட விஷயமா?

ஆனால் எனக்கு முதல் வகுப்பு வேண்டும். ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. முதல் வகுப்பு என்றால் வா, இல்லையென்றால் பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவோ அதற்குள் தெரு முழுக்க, "எம் பொண்ணு காலேஜ் வாத்தியாரம்மா" என்று சொல்லி முடித்திருந்தாள்.

பூஜை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அந்த நாவலையும் எடுத்துக்கொண்டு போனேன். தாளடி நடவு நேரம். "பொஸ்தகம் எங்கயும் போயிடாது, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வா" என்றாள் அம்மா. போனேன்.

வயலில் பாட்டு இல்லை. பண்ணையார் கோவிந்தராசு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால், வரப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்து நடவுப் பாட்டுக் கேட்கச் சொல்வது அவருடைய வழக்கம். அந்த வருஷம் கூலி உயர்வுப் பேச்சு சவ்வு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. நடவு ஆட்களுக்குத் தலைவியான அம்சம் அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நடறதுக்குத்தான் கூலி. பாட்டு அதுல சேத்தி இல்ல." பண்ணையாருக்குக் கூலியைவிட இதுதான் அதிகமாக வலித்தது என்று கேள்வி.

பதினெட்டுப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு நட்டால் வயல் துக்க வீடு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு மணி நேரம்தான் தாங்கினார்கள்.

"ஏடி மலரு, படிக்கிற படிக்கிறன்னு கெடக்கிறியே, அதையாவது சொல்லேன்" என்றாள் அம்சம் அத்தை.

நான் முறையாக அறிவொளிக் காலத்திலிருந்து ஆரம்பித்தேன். எல்லா மனிதரும் சமம், அறிவால் எதையும் கேள்வி கேட்கலாம் என்று அங்கே எழுதினார்கள் என்றேன்.

"எழுதினவரு வீட்டுல பாத்திரம் யாரு தேச்சது?" என்று கேட்டாள் ராமாயி.

லியாகத் அலி சார் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட காலத்தை ராமாயி அரை வரிசை நாற்றில் முடித்துவிட்டாள். சரி என்று இந்த நூற்றாண்டுக்குத் தாவி, ஒருவன் ஜன்னல் ஓரமாக நின்று முந்நூறு பக்கம் யோசிக்கும் நாவல் ஒன்றைச் சொன்னேன். வேலைக்குப் போகாதவன் கதை எங்களுக்கு எதற்கு என்றார்கள். கடைசியில், கையோடு கொண்டுபோன அந்தப் பிரெஞ்சு நாவலின் எலீஸைச் சொன்னேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

எலீஸ் ஒரு குத்தகை விவசாயியின் மகள். அப்பா இறந்ததும் நிலத்துக்காரர் பொய்ப் பத்திரம் காட்டி அவளை வெளியேற்றுகிறார். நகரத்துக்குப் போய் ஒரு வீட்டில் வேலைக்காரியாகிறாள். ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் காதலிக்கிறாள், அவன் கைவிடுகிறான். திரும்பி ஊருக்கு வந்து ஆற்றில் விழுந்து சாகிறாள். போன நூற்றாண்டில் நாவல் எழுதிய ஆண்களுக்கு ஒரு பெண்ணை வைத்து வேறென்ன செய்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

"குத்தகைப் பதிவு போட்டு வைக்கலையா அவ அப்பன்?" என்று கேட்டாள் அம்மா. அம்மா கறுப்பு சிவப்புக் கொடி. அரசாங்கம் போட்ட சட்டமெல்லாம் அவளுக்கு விரல் நுனியில்.

"அங்க அப்பச் சட்டம் இல்லம்மா."

"சட்டம் இருந்துட்டா மட்டும்?" என்றாள் செங்கொடிக்கார அம்சம் அத்தை. "உச்சவரம்புன்னு சொன்னதும் நம்ம பண்ணையாரு வீட்டு நாய் பேருல கூட ஒரு மா நெலம் எழுதி வச்சாரே. அந்தாளும் எழுதியிருப்பான். நீ கதையச் சொல்லு."

ஐந்து நாள் சொன்னேன். ஆறாம் நாள் உச்சிப் பொழுதில் எலீஸ் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாள். கையில் நாற்று முடியோடு அம்சம் அத்தை நிமிர்ந்தாள்.

"விழுந்துட்டாளா?"

"விழப் போறா அத்தை. இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."

"விழக் கூடாது."

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"இருந்தா இருக்கட்டும். ஏண்டி, இவ்வளவு பெரிய பொஸ்தகத்துல அவளுக்கு ஒரு சேக்காளி இல்லையா? கூட வேலை செஞ்சவ ஒருத்தி இல்லையா? 'எங்கடி போற'ன்னு கேக்க ஒரு நாதி இல்லையா? அவ விழுந்தா நான் இனி ஒரு நாத்து ஊன மாட்டேன்."

மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். அந்த வருஷம் நடவு வயலில் பெண்கள் நிமிர்ந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பண்ணையாரின் காரியக்காரர் மருதையன் குடையை மடக்கக்கூட நேரமில்லாமல் வரப்பில் ஓடி வந்தார்.

"என்ன ஆளுவளா, ஏன் நின்னுட்டீங்க? பேசித் தீத்துக்கலாம்னுதானே ஐயா சொல்லியிருக்காரு?"

"எலீஸ் சாகக் கூடாது" என்றாள் ராமாயி.

"யாரு?"

"எலீஸு. அநியாயமா நெலத்தப் புடுங்கிட்டாங்க."

மருதையனுக்கு வியர்த்தது. யாரோ சங்கத்துப் பெண் உண்ணாவிரதம் இருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "சாவ மாட்டாம்மா, நான் ஐயாகிட்டச் சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஓடினார். அரை மணி நேரத்தில் ஒரு தூக்கு நிறைய டீ வந்தது, கூடவே மசால்வடை. எலீஸ் புண்ணியத்தில் நாங்கள் வாங்கிய முதல் சலுகை அதுதான்.

வடையைத் தின்ற பிறகு சாகடிக்க முடியுமா? எலீஸை ஆற்றங்கரையிலிருந்து திருப்பிக் கூட்டி வந்தோம். அம்சம் அத்தை அவளுக்கு மூன்று சேக்காளிகளைக் கொடுத்தாள். ராமாயி, நகரத்தில் அவளோடு பாத்திரம் தேய்த்த ஒருத்தியை வரவழைத்தாள். அம்மா மனு எழுதிக் கொடுத்தாள். குமாஸ்தா திரும்பி வந்து கெஞ்சியபோது பதினெட்டுப் பேரும் சேர்ந்து அவனை வரப்பிலிருந்து விரட்டினோம். அடுத்த நான்கு நாள் நட்ட வயலில் அந்த முடிவு ஊன்றிக்கொண்டது. எனக்குள்ளும்தான். அதில்தான் வினை.

ஏப்ரலில் தேர்வு. 'முதலிலிருந்து இறுதிவரை எலீஸின் பாத்திர வளர்ச்சியை ஆராய்க.' பதினைந்து மதிப்பெண். எனக்கு ஒரே குஷி. ஆறு பக்கம் எழுதினேன். ஆற்றங்கரை, சேக்காளிகள், மனு, வயலை விட்டு நகர மாட்டேன் என்று அவள் நிற்பது, எல்லாம். வெளியே வந்ததும் என் தோழி சுந்தரி, "அவ ஆத்துல விழற இடத்துக்கு எவ்வளவு எழுதின?" என்று கேட்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இனி வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஐம்பது மதிப்பெண். விடைத்தாள் திருத்திய சாவித்திரி என்ற பேராசிரியையே சென்னையிலிருந்து வந்திருந்தார். விடைத்தாளில் பெயர் இருக்காது, எண்தான். எனக்கு முன்னால் உள்ளே போய்வந்த சுந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார்கிட்டயும் எலீஸோட முடிவைக் கேக்குறாங்கடி. யாரோ தப்பா எழுதியிருக்காங்களாம். நீன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆறுன்னு சொல்லிட்டு வந்துடு."

உள்ளே போனேன். கேட்டார். ஆறு என்றேன். சும்மா சொல்லவில்லை. கடைசி இரண்டு பக்கத்தையும், தண்ணீரின் நிறம் உட்பட, ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். அவர் தலையசைத்தார். தப்பித்துவிட்டேன்.

அத்தோடு அவர் விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த லியாகத் அலி சாரிடம் திரும்பி, "யாரோ ஒரு பெண் இந்தப் புத்தகத்தைத் திறந்தே பார்க்காமல் ஆறு பக்கம் அளந்திருக்கிறாள்" என்றார்.

திறந்தே பார்க்காமலா! எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அம்மா முகம், காலி இடம், முதல் வகுப்பு, எதுவும் அந்த நேரத்தில் கண்ணில் தெரியவில்லை.

"அது நான்தான் மேடம். மூணு தடவை படிச்சிருக்கேன்" என்றேன், தமிழிலேயே.

லியாகத் அலி சார் கண்ணை மூடிக்கொண்டார். சாவித்திரி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பிறகு ஏன் அப்படி எழுதினீர்கள்?"

எல்லாவற்றையும் சொன்னேன். நடவு, நிறுத்திய பாட்டு, அம்சம் அத்தை நிமிர்ந்தது. "அறுநூறு பக்கத்தில் எலீஸ், தன்னைப் போல வேலை செய்யும் இன்னொரு பெண்ணோடு ஒரு தடவைகூடப் பேசுவதில்லை. நான் மூன்று முறை படித்தும் அதைக் கவனிக்கவில்லை. அம்சம் அத்தை காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். எலீஸை ஆற்றில் தள்ளியது நிலத்துக்காரரும் இல்லை, குமாஸ்தாவும் இல்லை. யாரும் இல்லாத ஊரில் அவளை வைத்தாரே, அந்த ஆசிரியர்தான்" என்றேன்.

மேடம் நாவலை எடுத்தார். நடுவில் ஒரு பக்கம், முடிவில் ஒரு பக்கம் என்று புரட்டிக்கொண்டே போனார். தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. கிடைக்கவில்லை.

"எழுத்துத் தேர்வில் போட்டது போட்டதுதான். அதை மாற்ற மாட்டேன். புத்தகத்தில் இல்லாததற்கு மதிப்பெண் கிடையாது" என்றார். நான் தலையாட்டிவிட்டு எழுந்தேன். கதவுக்கிட்டே போனபோது தமிழில் கேட்டார்.

"ஏம்மா, எலீஸுக்கு நெலம் கெடைச்சுதா?"

"கேஸ் நடந்துக்கிட்டு இருக்குங்க."

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. குடவாசல் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுவை நடவு வயலுக்கே ஓடினேன். முதல் வகுப்பு, ஒரே ஒரு மதிப்பெண் கூடுதல். அம்மா அழுதாள், நானும் சேற்றில் நின்று அழுதேன். இப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

அம்சம் அத்தை மட்டும் அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நம்ம கதைக்கு எவ்வளவு போட்டாங்க?"

"எழுதினதுக்குப் பதினஞ்சுக்கு ரெண்டுன்னு எங்க சார் சொன்னாரு அத்தை."

"ரெண்டா! அது எதுக்காம்?"

"ஆத்தங்கரை வரைக்கும் சரியா எழுதினதுக்கு."

"அது அந்தப் பிரெஞ்சுக்காரன் எழுதினதுல்ல? அவன் மார்க்கு. நம்மளுக்கு என்ன?"

"நம்மளுக்கு நேர்ல கேட்டுப் போட்டாங்க அத்தை. அம்பதுக்கு நாப்பத்தெட்டு. அந்த நாப்பத்தெட்டு இல்லன்னா எனக்கு வேலை இல்ல."

வயல் மொத்தமும் சிரித்தது. அம்சம் அத்தை சிரிக்கவில்லை. குனிந்து ஒரு நாற்று முடியை எடுத்துப் பிரித்தாள். பிறகு கூலிப் பேச்சில் மருதையனைப் பார்க்கும் அதே பார்வையை என் பக்கம் திருப்பினாள்.

"மீதி ரெண்டு எங்கடி?"