திருமதி தியோ ப்ரூயிட் சுட்ட பழ அடை

எங்கள் ஊர்த் தேவாலயத்தின் நிலவறைச் சமையலறையில் ஆண்களின் கால் பட்டதில்லை. ஆனால் அங்குள்ள ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஓர் ஆணின் பெயர் ஒட்டியிருக்கும். விருந்துக்கு எடுத்துப் போகும் கண்ணாடித் தட்டு எந்த வீட்டுக்கு உரியது என்று தெரிய வேண்டுமே. அதற்காக வெள்ளை டேப்பைக் கிழித்து ஒட்டி நீல மையில் எழுதுவோம். திருமதி கெரிட் வான் ரூகல். திருமதி கிளாஸ் டைக்ஸ்ட்ரா. திருமதி ஆரி ஹூக்ஸ்ட்ரா. கடைசியாகச் சொன்னது நான். பெற்றவர்கள் எனக்கு இட்ட பெயர் ட்ரீனா. அதை என் பாத்திரங்கள் அறியா. கிழங்கை உரித்தவள் நான், கோழியை அறுத்தவள் நான், அடுப்பின் அனலைக் குடித்தவள் நான். தட்டின் அடியில் புகழோடு வீற்றிருப்பவர் ஆரி. அவருக்கோ, தண்ணீர் கொதித்துவிட்டதா என்பதை விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஏற்பாட்டை யாரும் அநீதி என்று சொன்னதில்லை. வழக்கம் என்றோம். அநீதிக்கு வயதாகிவிட்டால் அதை அந்தப் பெயரால்தானே அழைக்கிறோம்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆகஸ்டு மாதம், சோளம் ஆளுயரம் தாண்டி நின்ற வேளையில், என் பக்கத்து வீட்டுக்கு ஓர் இளங்குடும்பம் குடிவந்தது. பெருநகரமான பால்டிமோரிலிருந்து எங்கள் அயோவாவின் இந்த மூலைக்கு, ஒரு வாடகை லாரி, ஒரு கைக்குழந்தை, ஒரு கிழட்டு நாய் சகிதம் வந்து இறங்கினார்கள். மனைவி ஜோஹன்னா ப்ரூயிட் மாட்டு டாக்டர். வேறு எவரும் இங்கே வர ஒப்பாததால் எங்கள் பால் கூட்டுறவுச் சங்கம் அவளை அமர்த்தியிருந்தது. கணவர் தியோ, பிள்ளையையும் அடுப்பையும் பார்த்துக்கொள்ள வந்தவர்.

புதிதாய்க் குடிவந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோவது எங்கள் மரபு. கோழியும் நூடுல்ஸும் சேர்த்து வாட்டிய தட்டோடு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் தியோ. முதுகில் துணியால் கட்டிய குழந்தை. இரு கைகளிலும் முழங்கை வரை மாவு.

"வீட்டம்மா இருக்காங்களா?" என்றேன்.

"அவ விடியும்போதே கிளம்பிட்டா. எந்தத் தொழுவத்திலேயாவது கூப்பிட மாட்டாங்களான்னு ரோடு ரோடா சுத்திட்டிருக்கா. வீட்டம்மா வேலைன்னா அது நான்தான். உள்ள வாங்க. காபி போடட்டுமா?"

"ஐயோ, எதுக்கு உங்களுக்குச் சிரமம்."

"சரிங்க, அப்ப வேண்டாம்," என்றார் அந்த மனிதர்.

எங்கள் பக்கத்தில் முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில். பால்டிமோர்க்காரர் முதல் மறுப்பையே நம்பிவிட்டார். காபி வாசனையை மட்டும் முகர்ந்துகொண்டு வீடு திரும்பினேன்.

ஆனால், வந்த தட்டைக் காலியாகத் திருப்பக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் என் தட்டு, மாவு ஓட்டுக்குள் பிளம்பழம் வைத்துச் சுட்ட அடையோடு வந்தது. மாவின் விளிம்பு விரல் பட்டாலே உதிர்ந்தது. உள்ளே பழம் புளிப்பும் இனிப்புமாய்க் குழைந்து நின்றது. அந்நேரம் பார்த்து வில்மினா வந்தாள். கெரிட் வான் ரூகலின் மனைவி, தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தின் தலைவி. கெரிட் பால் சங்கத்தின் தலைவர். சமையலறையை அவள் ஆண்டாள், சங்கத்தை அவர் ஆண்டார், அவரையும் அவளே ஆண்டாள்.

ஒரு துண்டை வாயில் போட்டவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாருடி சுட்டது?"

"பக்கத்து ப்ரூயிட் வீட்டுல."

"அந்த டாக்டர் பொண்ணா? பேன்ட்டு போட்டுக்கிட்டுத் திரியுதேன்னு நான் வேற என்னமோ நினைச்சேன். கை இப்படியா பேசுது."

நான் அடையை மென்றுகொண்டிருந்தேன். வாயில் பண்டத்தை வைத்துக்கொண்டு பேசக் கூடாது என்பது எங்கள் வளர்ப்பு. விழுங்கி முடிப்பதற்குள் வில்மினா பாதி அடையைக் கெரிட்டுக்கென்று காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். மாலையே ப்ரூயிட் வீட்டுக்குப் போய், தன் அழகிய கையெழுத்தில் எழுதிய டேப் துண்டுகளை வரவேற்புப் பரிசாகக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் 'திருமதி தியோ ப்ரூயிட்' என்று இருந்தது.

"என் பேருதான்," என்றார் தியோ என்னிடம், வேலியோரமாய். "முன்னாடி ஒரு திருமதிய ஒட்டி விட்டுட்டாங்க. பரவாயில்ல, எடுப்பாத்தான் இருக்கு."

சிரித்தாரே ஒழிய அவர் மனம் சிரிக்கவில்லை. தேவாலயக் கூடத்தில் ஆண்டுதோறும் நடக்கும் அறுவடை விருந்து முடிந்ததும் அங்கேயே பால் சங்கம் கூடும். அதற்குள் விவசாயிகள் ஜோஹன்னாவை நம்பித் தொழுவத்துக்குள் விடாவிட்டால், சங்கம் வேறு டாக்டரைத் தேடும். அப்புறம் இந்தக் குடும்பம் மூட்டையைக் கட்டிக்கொண்டு பால்டிமோரில் தியோவின் தாயார் வீட்டு மாடியறைக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் ஆண்களோ, பக்கத்து மாவட்டத்தில் கண் மங்கி ஓய்ந்திருந்த ஒரு முதிய மாட்டு டாக்டரைக் காரில் அள்ளிப் போட்டு அழைத்து வந்தார்கள். "நல்ல பொண்ணுதான். நாய், பூனைய பாக்கட்டும்," என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார் கெரிட்.

அந்தக் கெரிட் பிளம்பழ அடையைத் தின்றார். மறுநாள் அவருடைய பசு ஒன்று கன்று ஈன முடியாமல் தவித்தது. முதியவருக்குக் காய்ச்சல். கெரிட் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாராம்: "மாவ இப்படிப் பிசையத் தெரிஞ்ச கை, மாட்டு வயித்துக்குள்ள போனாலும் தப்பாப் போகாது. கூப்பிடு அத."

ஜோஹன்னா போனாள். தோள் வரை கையை உள்ளே விட்டு, மடங்கிக் கிடந்த கன்றின் முன்னங்காலை நிமிர்த்தி, தாயையும் கன்றையும் பிழைக்க வைத்தாள். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்துக்குத் திறக்காத தொழுவக் கதவு ஒரு பழத்துக்குத் திறந்தது. படித்த பெண்ணை நம்பாத ஊர், சுட்டுப் போட்ட பெண்ணை நம்பியது. சுட்டவர் ஆண் என்று தெரிந்திருந்தால் எவரையும் நம்பியிராது.

அதன் பிறகு அழைப்பு வரத் தொடங்கியது. எந்தத் தொழுவத்துக்குப் போனாலும் முதலில் பசுவைக் காட்டுவார்கள்; அடுத்து, "அந்த அடை ஏதாச்சும் கொண்டு வந்தீங்களா?" என்பார்கள். தியோ சுட்டுக்கொண்டே இருந்தார். பிளம் தீர்ந்து ஆப்பிளுக்கு வந்தார்.

"நான் ராத்திரி பகலாப் படிச்சேன், தியோ," என்றாள் ஜோஹன்னா ஒரு மாலை, சேறு படிந்த பூட்ஸைக் கழற்றியபடி. "கடைசியில உன் வெண்ணெய்தான் எனக்குச் சர்டிபிகேட்."

"நல்ல வெண்ணெய்தானே."

"சிரிக்காதே. இன்னிக்கு ஒரு கிழவர் என் கையப் புடிச்சு, 'எவ்வளவு மிருதுவான கை, அடை சுடுற கை'ன்னு தடவிப் பாக்குறார். அந்தக் கை அப்பத்தான் அவர் பன்னிக்குள்ள இருந்து வெளிய வந்திருக்கு."

இப்படியே விருந்து வரை ஓட்டிவிடலாம் என்றுதான் நானும் எண்ணினேன். வில்மினா விடவில்லை. விருந்துக்கு முந்திய வாரம் ஜோஹன்னாவை வழிமறித்தாள்.

"விருந்து அன்னிக்கு மத்தியானம் சமையலறைக்கு வந்துடும்மா. அத்தனை ஆப்பிள் அடையும் உன் கையாலதான். நாங்க சுத்தி நின்னு கத்துக்கறோம்."

முடியாது என்பதற்கு எங்கள் ஊரில் சொல் கிடையாது. ஜோஹன்னா தலையாட்டிவிட்டு வந்தாள்.

அன்றிரவே அவர்கள் அடுப்படியில் பயிற்சி நடந்தது. நான் குழந்தையை மடியில் வைத்திருந்தேன். ஜோஹன்னா மாவைப் பிசையவில்லை, பரிசோதித்தாள். அழுத்தினாள், புரட்டினாள், எங்கே கட்டி இருக்கிறது என்று தேடினாள். வெந்து வந்ததை நாயிடம் நீட்டினோம். அது முகர்ந்து பார்த்துவிட்டுக் கதவோரம் போய்ப் படுத்துக்கொண்டது.

"கை வலிக்குதுன்னு சொல்லிடேன்," என்றார் தியோ. "கட்டு போட்டுக்கோ. ட்ரீனாம்மாவும் சாட்சி சொல்வாங்க."

"சொல்வேன்," என்றேன். பொய் சொல்லக் கிடைத்த வாய்ப்பை எளிதில் விடுபவள் அல்ல நான்.

ஜோஹன்னா மாவுக்கையோடு உட்கார்ந்து யோசித்தாள். "அப்புறம்? அடுத்த வருஷம்? ஒவ்வொரு மாட்டுக்கும் முன்னாடி ஒரு அடைய அனுப்பிக்கிட்டே இருப்பியா? அடை கருகிப்போற அன்னிக்கு எனக்கு வேலை போயிடுமா?" பிறகு நிமிர்ந்தாள். "நான் போறேன். இந்தக் கை சுட்டத அவங்க சாப்பிடட்டும். நீயும் ஒண்ணு சுட்டு எடுத்துட்டு வா. அடியில யார் சுட்டதுன்னு எழுது."

"நம்மள அனுப்பிடுவாங்க, ஜோ."

"அனுப்பட்டும். திருட்டுக் கையோட இருக்கிறதுக்கு மாடியறையே மேல்."

தியோ மேசையிலிருந்த மாவைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "டேப் இருக்கா?" என்றார். இருந்தது.

விருந்து நாளில் நாங்கள் சமையலறையில் அவளைச் சூழ்ந்து நின்றோம். ஜோஹன்னா சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு மாவுத் தொட்டிக்குள் இறங்கினாள். வில்மினா பார்த்தாள், பார்த்தாள், கடைசியில் வாய் திறந்தாள்.

"வித்தியாசமா இருக்கே."

எங்கள் ஊரில் இதைவிடக் கொடிய வசவு இல்லை. கிளாஸின் மனைவி ஜெபம் செய்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாலையில் ஆண்கள் வரிசையாய் அமர்ந்தார்கள். ஆப்பிள் அடைகள் போயின. கத்தி இறங்க மறுத்தது. கூடமெங்கும் தாடைகள் மட்டும் இயங்கின. நல்ல மாட்டுத்தோல் செருப்புக்கு ஏற்ற அந்தப் பண்டத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை. நாகரிகம் தடுத்தது. அதிலும் கெரிட், டாக்டரம்மாவின் மனம் நோகக் கூடாதென்று, முதல் துண்டை முழுங்கிய கையோடு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். எங்கள் மக்கள் மரியாதையால் சாகக் கூடியவர்கள்; அன்று சிலர் அதற்கு மிக அருகில் போய் வந்தார்கள்.

கோடி மேசையிலோ, கிளாஸும் அவருடைய தம்பிகளும் ஒரு தட்டைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார்கள். அது தியோ கொண்டு வந்தது. வில்மினா போய்க் காலித் தட்டை எடுத்தாள், கழுவ அனுப்புவதற்காகக் கவிழ்த்தாள், அடியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"திரு. ஜோஹன்னா ப்ரூயிட்."

தாடைகள் நின்றன.

"என்னப்பா இது?" என்றாள்.

தியோ குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்தார். "நான் சுட்டதுங்க. எல்லாமே நான் சுட்டதுதான், முதல் பிளம் அடையிலிருந்து. நீங்க திருமதி கெரிட்னு எழுதுறீங்க. நான் ஜோஹன்னா வீட்டுக்காரன். அதே வழக்கப்படிதான் எழுதினேன்."

கெரிட்டின் முகம் சிவந்தது. வாயில் இரண்டாம் துண்டு இருந்ததால் உடனே பேச முடியவில்லை. அந்த இடைவெளிக்குள் ஜோஹன்னா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"கெரிட், உங்க பசுவுக்குள்ள போனது இந்தக் கை," என்றாள். "இப்ப உங்க வாயில இருக்கிறதும் இந்தக் கை செஞ்சதுதான். உங்க முன்னாலயேதான் நிக்கிறேன். இந்த ரெண்டுல எத நான் விட்டுடணும்னு இப்பவே சொல்லிடுங்க."

கெரிட் மென்றார். எல்லோரும் காத்திருந்தோம். அவருடைய கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது உணர்ச்சியா, மாவு தொண்டையில் சிக்கியதா என்று இன்றுவரை தெரியாது. தண்ணீரைக் குடித்து, ஒருவழியாய் விழுங்கி, மேசையைத் தட்டினார்.

"அடைய விட்டுடும்மா," என்றார்.

முதலில் சிரித்தவள் வில்மினா. அவள் சிரித்த பிறகு சிரிக்க மற்றவர்களுக்கும் உரிமை கிடைத்தது. சங்கம் அங்கேயே கூடியது. புது டாக்டர் தேவையா என்று கெரிட் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. உயர்த்த முடியாத அளவுக்கு வயிறு கனத்திருந்தது என்று கிளாஸ் பிற்பாடு சொல்லித் திரிந்தார். அவர் பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை.

வில்மினா தியோவின் பக்கம் திரும்பினாள். "சுட்டவங்கதான் கழுவணும், அது எங்க சட்டம். கழுவத் தொட்டி அங்க இருக்கு. பிள்ளைய எங்க வீட்டுக்காரர்கிட்ட குடு."

கெரிட் வான் ரூகலின் கையில் குழந்தை வைக்கப்பட்டது. அது அவருடைய கழுத்துப் பட்டையைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. ஆண் கால் படாத எங்கள் சமையலறையில் தியோ முழங்கை வரை நுரையோடு நின்றார். தன் பாத்திரத்தைத் தானே வாங்கப் போன என் ஆரியும் ஒரு துடைக்கும் துணியோடு சிறைப்பட்டார்.

திங்கட்கிழமை காலை, துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கெரிட்டின் வண்டி ப்ரூயிட் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"தியோ, உன் வீட்டம்மா இருக்காளா? சினைப் பசு ஒண்ணு எழுந்திருக்க மாட்டேங்குது."

"இதோ வர்றா. கையோட ஏதாச்சும் குடுத்தனுப்பட்டுமா?"

கெரிட் சிறிது யோசித்தார். "நீ சுட்டதா, அவ சுட்டதா?"

"அவ சுட்டது. விருந்துல ரெண்டு மிஞ்சிடுச்சு."

"வேண்டாம்," என்றார் கெரிட், முதல் தடவையிலேயே.