ஓட்டுநரின் முதுகு

1

இக்கதை ஒரு நாற்காலியிலிருந்து பிறந்தது. மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநர் ஒருவரின் அறையில், வருபவரே தம் நாற்காலியை விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கேள்விப்பட்டேன். அந்த அம்மையார் சொல்லிவிட்டுத்தான் எழுவார்; கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். 'என்ன நடந்தது?' என்று மட்டும் துருவமாட்டார். கதை எழுதுகிறவனுக்கோ அந்தக் கேள்வி இல்லையென்றால் கை ஒடிந்தாற்போலத்தான்.

2

முதல் தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில், பேருந்தின் கடைசி இருக்கையிலிருந்து எழுந்த ஒருவன்—'

(அடித்துவிட்டேன். ஓட்டுநரைப் பின்னாலிருந்து ஒருவன் தாக்கினான். வாசகர்க்கு இவ்வளவு போதும்.)

இரண்டாம் தொடக்கம்: புண் ஆறிவிட்டது. ஆனால் முதுகுக்குப் பின்னே நிழலாடினாலே ஓட்டுநர் சாலையை விட்டுத் திரும்பிவிடுகிறார். பணிமனையில் கிடங்கு வேலை தருகிறோம் என்கிறார்கள். அவருக்கோ ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

3

ஓட்டுநர் மனைவியோடு அந்த அம்மையாரின் அறைக்கு வந்தார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

"வீட்லயும் இதேதாங்க," என்றாள் மனைவி. "செவுத்தோட ஒட்டி ஒட்டி உக்காந்து பெயின்ட்டே உரிஞ்சு போச்சு."

"அடிச்சுக்கலாம், சும்மா இரு."

"யாரு அடிக்கிறது? செவுத்தைப் பார்த்து நின்னா முதுகு வெளிய தெரியுமே!"

ஓட்டுநரே சிரித்துவிட்டார்.

4

இங்கேதான் பிசகினேன். பழம்பாடல்களில் புறத்தே பட்ட புண்ணுக்கு வீரன் நாணுவான். அந்த நாணத்தை எடுத்து இவர்மீது போர்த்திவிட்டேன்.

"முன்னால வந்திருந்தா ஒரு கை பார்த்திருப்பேன்மா. முதுகுல வாங்கினேன் பாருங்க, அதுதான் அசிங்கமா இருக்கு."

ஆற்றுப்படுத்துநருக்காக நான் ஆயத்தம் செய்திருந்த அறிவுரை நீண்டது, அணிகள் நிறைந்தது. அவர் அதைத் தொடவேயில்லை.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுறவருக்கு முதுகு எந்தப் பக்கம் இருக்கும்?"

ஓட்டுநர் தலையைத் திருப்பி, பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார்.

"ஜனங்க பக்கம்," என்றார் பிறகு. "அத்தனை பேரையும் பின்னால வச்சுக்கிட்டு முன்னால பார்க்கிறதுதானேம்மா என் வேலையே?" *

* தேரேறிய வீரனின் மார்பைப் பாடிய பாணர்க்குத் தேரோட்டியின் முதுகு கண்ணில் படவில்லை போலும். எனக்கும் இன்றுதான் பட்டது.

அவரே எழுந்து நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்தார்.

"இது போதுமாம்மா?"

"உங்களுக்குப் போதுமா?"

"இன்னைக்குப் போதும்."

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். பயணிகள் கைதட்ட, மாலையோடு அவர் பேருந்தை எடுப்பது ஒன்று. (சினிமா. கிழித்தாயிற்று.) கிடங்கில் திருகாணி எண்ணிக்கொண்டிருப்பது இன்னொன்று. 'அவர் தலை குனிந்து—' (மனம் வரவில்லை.)

ஆகவே, பல வாரங்கள் கழிந்த ஒரு காலையில் கதையை விடுகிறேன். பணிமனை முற்றத்தில் வெற்றுப் பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் அவர். அருகே படியில் மனைவி.

"பின்னால யாராவது உக்காந்தாத்தான் தெரியும்," என்கிறார்.

"நான் போகட்டுமா?"

"நீ வேண்டாம். நீ உக்காந்தா வாய் ஓயாது, பயப்படக்கூட நேரம் இருக்காது. தெரியாத ஆளா வேணும்."

அவள் முகத்தை நொடித்துக்கொண்டு இறங்குகிறாள். ஆனால் கண்ணில் நீர். அவர் வியர்த்த கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்தபடியே குரல் கொடுக்கிறார்:

"ஏறுறவங்க ஏறலாம்!"

எனக்கு அவரைத் தெரியும். நான் ஏறிப் பயனில்லை. நீங்கள்தான் ஏறவேண்டும்.