ஒரு "நீ"க்காக

ஒரே ஆல்பத்தைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? ஆராவின் வீட்டில் சிடி போடுகிற மிஷினே கிடையாது. ஆனால் கட்டிலுக்கடியில், பீரோ மேல், செருப்பு வைக்கிற இடத்தில், எங்கே பார்த்தாலும் இளம் பாடகன் யொன்ஜே பாடிய புது ஆல்பம்தான். ஒரு ஆல்பம் வாங்கினால் குலுக்கலில் ஒரு சீட்டு. பேர் விழுந்தால் சியோலுக்குப் போய், அந்தப் பையன் எதிரே ஒரு நிமிஷம் உட்கார்ந்து கையெழுத்து வாங்கலாம்.

நாற்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டால் ஆராவிடம் பதில் இருந்தது. மிரானை மட்டும் அவன் "நீ" என்கிறானே.

மிரான் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவள். போன தடவை ரெண்டே ரெண்டு ஆல்பம் வாங்கி இடம் பிடித்துவிட்டாள் மகராசி. அன்றிலிருந்து அதே பேச்சு.

"'அக்கா, சாப்பிட்டியா'ன்னு கேட்டான்டி. சாப்பிட்டீங்களா இல்ல. சாப்பிட்டியா."

ரசிகர்களிடம் "நீங்க" என்று பேசுவதுதான் மரியாதை. நெருங்கினவர்களிடம்தான் அந்த "ங்க" உதிரும். அதைக் கேட்டதிலிருந்து ஆராவுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னையும் அவன் ஒரே ஒரு தடவை "நீ" என்றால் போதும். அதற்காகத்தான் இத்தனை பெட்டி.

இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் பேர் விழுந்தது. மிரான் இப்போதும் ரெண்டுதான் வாங்கியிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில்கூட ஆராவுக்கு அதுதான் உறுத்தியது.

கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு ஆரா போனாள். மிரான் குதிரைவால் கட்டி, காதோரம் செர்ரிப்பழ கிளிப் குத்தி, என்னமோ காலேஜ் பொண்ணு மாதிரி வந்து நின்றாள். வரிசையிலும் அவள்தான் முன்னால். அவளைப் பார்த்ததும் யொன்ஜே சிரித்தான்.

"மிரான் அக்கா, மறுபடி வந்துட்டியா? குளிருதுல்ல, ஏன் ஸ்கார்ஃப் போடல நீ?"

மிரான் குழைந்த குழைவைப் பார்க்கணுமே. ஆராவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அடுத்தது அவள். யொன்ஜே எழுந்து, குனிந்து வணங்கி, ரெண்டு கையாலும் ஆல்பத்தை வாங்கினான். எழுத வேண்டிய பேரைச் சின்னச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டித் தருவது வழக்கம். சீட்டில் "ஆரா" என்று இருந்தது. அவள் அப்பா அந்தக் காலத்திலேயே ஆசைப்பட்டு வைத்த புதுமாதிரிப் பேர். இப்போது பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு ரெண்டு ஆரா.

அவன் சீட்டைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான்.

"அம்மா, பொண்ணுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஆரா வரலையா?"

ஆராவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆரா நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும்? மன்னிச்சுக்கோங்க, நீங்களான்னு தெரியல என்பான். அந்த "நீங்க"வுக்கா வந்தாள்?

"பரீட்சை இருக்குப்பா," என்றாள்.

அவன் ரொம்ப நேரம் எழுதினான்.

வெளியே வந்ததும் மிரான் ஆல்பத்தைப் பிடுங்கிப் படித்தாள். "ஆரா, நல்லாப் படி. நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா ரொம்ப நல்லவங்க, அவங்ககிட்ட எரிஞ்சு விழாதே. அடுத்த தடவை நீயே வா, உனக்காகக் காத்திருப்பேன்."

சிரித்துவிடுவாள் என்று ஆரா நினைத்தாள். மிரான் சிரிக்கவில்லை. தன் ஆல்பத்தைத் திறந்து பார்த்தாள். அதில் வெறும் கையெழுத்துதான்.

"எனக்கு ஒரு வரிகூட எழுதலடி," என்றாள். முகம் தொங்கிப்போயிருந்தது. "அடுத்த தடவை நானும் பொண்ணு இருக்குன்னு சொல்லிடட்டுமா?"

இத்தனை மாதமாக ஆரா பார்க்கத் துடித்த முகம் அது. பார்த்தும் மனசு ஆறவில்லை. இல்லாத அந்தப் பொண்ணு மேல்தான் இப்போது அவளுக்கு வயிற்றெரிச்சல். அவன் "நீ" என்றது அவளைத்தானே.