முந்நூற்றைம்பதுக்குக் கீழே

விதைச் சோதனைக்கூடத்தின் முளைப்பறையில் எந்நேரமும் விடியற்காலை வெளிச்சம்தான். தட்டுகளின் கண்ணாடி மூடிகளில் ஆவி படிந்திருக்கும். தூக்கினால் ஈரத்தாளின் மணம். தாளின்மேல் நூல்போல வெள்ளை வேர்கள். பரிசோதகி முளைத்தவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினாள். தூக்கத்தில் வேறு யாரோ எண்ணுவது கேட்பதுபோல இருந்தது.

பதினேழாம் எண் மாதிரி: வெள்ளரி, நானூறு விதைகள். மூட்டையில் தொண்ணூறு சதவீதம் முளைக்கும் என்று அச்சிட்டிருந்தது. அது உண்மையானால் முந்நூற்றறுபது முளைக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். எவ்வளவு போகலாம் என்பதை நனைப்பதற்கு முன்பே கணக்கிட்டுப் பலகையில் எழுதிவிடுவது அவள் வழக்கம். முந்நூற்றைம்பதுக்குக் கீழே போனால் நிராகரிப்பு. முளைத்திருந்தவை முந்நூற்று நாற்பத்தேழு.

மாதிரிகள் எண்ணோடு மட்டும்தான் வரும். யாருடையவை என்று அவளுக்குத் தெரியாது. மதியம் அக்கா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். அக்காவுக்குச் சொந்தமாக ஒரு விதைக் கொட்டகை; இந்தப் பருவத்துக்கு அதில் மிஞ்சியிருந்தது ஆறு மூட்டை வெள்ளரி.

“பதினேழாம் நம்பர் என்னோடதுடி.”

“அதை நீ சொல்லியிருக்கக் கூடாது.”

“சொல்லிட்டேன். தேறலையா? இன்னொரு பிடி எடுத்து நனைச்சுப் பாரேன்.”

“அதுவும் குறைஞ்சா மூணாவது பிடி கேப்ப. தேறுற வரைக்கும் போட்டா கல்லு கூட முளைச்சிடும்க்கா.”

அக்கா சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“நல்ல விதையா இருந்தும் இப்படிக் குறையுமா?”

“குறையும். நூறு தடவைல நாலு தடவை.”

“இது அந்த நாலுல ஒண்ணா இருந்தா?”

“இருக்கலாம்.”

“அது தெரிஞ்சும் ஆறு மூட்டையையும் தள்ளுவியா?”

“யாரோடதுன்னு தெரியாதப்பவே போட்ட கோடுக்கா அது.”

பதினேழுக்கு நேரே ‘நிராகரிப்பு’ என்று எழுதினாள் பரிசோதகி. அக்கா மேசையருகே வந்து தட்டின் மூடியைத் தூக்கினாள். எண்ணும்போது திறக்காத விதைகள் ஈரத்தாளில் அப்படியே கிடந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் வாய் பிளந்து வெள்ளை நுனியை நீட்டியிருந்தது. எண்ணி முடித்தபின் முளைப்பது கணக்கில் சேராது. ஒன்று சேர்ந்தாலும் போதாது. இருவருக்கும் அது தெரியும்.

அக்கா குனிந்தாள். அவள் மூச்சு பட்டு மூடியின் உட்புறம் மீண்டும் மங்கியது. மங்கலுக்குக் கீழே அந்த வெள்ளை நுனி, யாரையும் கேட்காமல், தாளுக்குள் இறங்க இடம் தேடிக்கொண்டிருந்தது.