நடுவூர்ப் பரஸ்தானம்

வேல்பாண்டிக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருக்கிறது, இருக்க வேண்டியதைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருக்கிறது. அது நேர் ரோட்டில் போகாது, அவ்வளவுதான் குறை. காரைக்குடியிலிருந்து கோவிலூர் போகிற டவுன் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கிற மனுஷன், அந்த ஆவணி மாதம் முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டான். கனவில் பஸ் கோவிலூரில் நிற்காது. கோபுரத்தைத் தாண்டி அப்படியே மேலே ஏறி, வெள்ளை வெளேரென்ற ஒரு வெளியில் போய் நிற்கும். அங்கே ஒரு ஊர் இருக்கும். பெயர்ப்பலகையில் எழுத்து இருக்காது. யாரும் ஏறமாட்டார்கள், யாரும் இறங்கமாட்டார்கள். ஊர்ப் பெயர் சொல்லி ஆளை இறக்க வேண்டியவன் விசிலை வாயில் வைத்தபடி பெயரைத் தேடிக்கொண்டிருப்பான்.

"கண்டக்டரே, என் ஸ்டாப்பு தாண்டிப் போச்சு" என்று யாராவது தோளைத் தட்டினால்தான் பூமிக்கு வருவான்.

அந்த ஊருக்கு அவனே ஒரு பெயர் வைத்திருந்தான்: நடுவூர். திருச்சியில் விமானம் ஏறி அயர்லாந்து போகிற வழியில், விமானம் மாறுவதற்காக ஒரு வளைகுடா நகரத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதன் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. நடுவில் இருக்கிறதால் நடுவூர்.

போகிற காரியம் லேசுப்பட்டதில்லை. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கச்சி சந்திரலேகாவின் மகள் கீர்த்திக்கு மூன்றாவது வயசில் காது குத்த வேண்டும். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். லேகாவுக்கு இருப்பது ஒரே ஒரு அண்ணன். அந்த அண்ணன் அவளோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. கூடப் படித்த அழகுராஜாவை, வேற்றுச் சாதிப் பையனை, அவள் கட்டிக்கொண்டாள். இவன் தலைமுழுகிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். உள்ளுக்குள் முழுகியது தலையா மனசா என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

ஆடி மாதம் அவளே போன் போட்டாள்.

"அண்ணே, எங்க மேல உள்ள கோவம் இருந்துட்டுப் போகட்டும். என் பிள்ளைக்கு மாமன் மடின்னு ஒண்ணுதான் இருக்கு. வாரீகளா?"

வேல்பாண்டி வாயைத் திறந்தான். அதற்குள் பெண்டாட்டி மீனலோசனி போனைப் பிடுங்கி, "வாராக லேகா. கண்டிப்பா வாராக" என்றாள். அந்த வீட்டில் மூளை நேர் ரோட்டில் போகிற ஆள் அவள்.

மேற்கே மூன்றாவது வீட்டு ஜமால் முகம்மது கடைத்தெருவில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். அயர்லாந்து விசாவை அவர்தான் அலைந்து வாங்கிக் கொடுத்தார். ஒரே டிக்கெட்டில், வெள்ளிக்கிழமை கிளம்பினால் சனிக்கிழமை போய்ச் சேரலாம். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்குச் சரியாக இருக்கும் என்று வழியும் சொன்னார். மீனலோசனியின் முகம் சுருங்கிவிட்டது.

"வெள்ளிக்கிழமை மேற்கே சூலமுல்ல. மேற்க போறவுகளை அன்னைக்குப் போயி யாராச்சும் அனுப்புவாகளா? பரஸ்தானம் வச்சுட்டுத்தான் போகணும்."

பரஸ்தானம் என்பது நாள் சரியில்லாத பயணத்துக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி. முந்தின நாளில், பயணம் போகிறவரின் துணியையும் ஒரு மஞ்சள் கிழங்கையும் முடிந்து, போகிற திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பிவிட்ட மாதிரிதான். அப்புறம் எந்தக் கிழமை போனாலும் சூலம் ஒன்றும் செய்யாது. ஜமால் வீடு மேற்கேதான் இருக்கிறது. ஒரு துண்டை அங்கே கொண்டுபோய் வைத்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும்.

ஆனால் வேல்பாண்டியின் மூளை சந்துக்குள் திரும்பிவிட்டது. மூட்டையை எதற்கு அனுப்ப வேண்டும்? நானே வியாழக்கிழமை கிளம்பி நடுவூரில் போய் உட்கார்ந்துகொண்டால்? நடுவூர் மேற்கேதானே இருக்கிறது? வெள்ளிக்கிழமை அங்கேயிருந்து ஏறினால் சூலமாவது மண்ணாவது. யாரிடமும் சொல்லாமல், போனிலேயே இரண்டு கம்பெனியில் இரண்டு டிக்கெட்டைப் போட்டுவிட்டான். திங்கட்கிழமை அதை ஜமாலிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினான்.

ஜமால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். "வேலு, இது ரெண்டும் தனித்தனி டிக்கெட்டு."

"ஆமா பாய். வியாழன் ஒண்ணு, வெள்ளி ஒண்ணு. சூலத்துக்கும் தப்பிச்சாச்சு."

"பெட்டி?"

"அது பாட்டுக்கு வந்துரும்ல."

"வராது. ஒரே டிக்கெட்டுன்னா திருச்சியில போட்ட பெட்டி நேரா அயர்லாந்துல போயி எறங்கும். தனித்தனியாப் போட்டா நடுவுலயே பெட்டியை வெளிய தள்ளிருவாக. அதை எடுக்க நீயும் வெளிய வரணும். வெளிய வந்தா அந்த ஊருக்குள்ள நுழைஞ்ச மாதிரி. அதுக்கு டிரான்சிட் விசா வேணும். அது இல்லைன்னா உன்னைத் திருச்சியிலயே ஏத்தமாட்டாக."

"அந்த விசாவை இப்ப எடுத்துரலாம்ல?"

"நாலு வேலை நாளாகும்ங்கிறாக. இன்னைக்குத் திங்கள். நீ வியாழக்கிழமை காலையில பறக்கணும்."

"அப்ப நீங்க சொன்ன மாதிரி ஒரே டிக்கெட்டா மாத்திக் குடுங்க பாய்."

ஜமால் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டே இருந்தார். டீ வந்து ஆறிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்ச் சேருகிற மாதிரி எதிலும் சீட்டு இல்லை.

"சொந்தக் காசுல சூனியம் வைக்கிறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இன்னைக்குத்தான்ப்பா கண்ணால பாக்குறேன்" என்றார். "துணியை எங்க வீட்டுல குடுத்திருந்தா எங்க வீட்டுக்காரி பத்திரமா வச்சிருப்பா. நீ உன்னையே மூட்டையாக் கட்டிட்ட. அந்த வீட்டுக்காரன் கதவைத் திறக்கணுமேப்பா."

வேல்பாண்டிக்கு அந்தக் கிண்டல் காதில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை லேகா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நான் வேணும்னே வரலைன்னுதான் பாய் நெனப்பா" என்றான். "விசா, டிக்கெட்டுன்னு எதைச் சொன்னாலும் நம்பமாட்டா. நானா இருந்தாலும் நம்பமாட்டேன்."

ஜமால் அதற்குமேல் கேலி பேசவில்லை. போனை எடுத்து இரண்டு விமானக் கம்பெனிக்கும் மாறி மாறிப் பேசினார். கடைசியில் ஒரு வழி இருக்கிறது என்றார்.

"பெட்டி போடாத. தோள்ல ஒரு பை, ஏழு கிலோ, அவ்வளவுதான். ரெண்டாவது பிளைட்டோட போர்டிங் பாஸை புதன்கிழமை நான் இங்கயே எடுத்துக் குடுத்துர்றேன். அப்ப நீ வெளிய வர்ற வேலையே இல்லை. பிளைட்டு மாறுறவுக இருக்கிற ஹாலுக்குள்ளயே பத்தொம்பது மணி நேரம் உக்காந்து கெட. அந்தக் கதவை மட்டும் தாண்டிராத. கவுண்டர்ல கேட்டா என்ன சொல்லுவ?"

வேல்பாண்டி யோசித்தான். "எறங்கமாட்டேன். மாறி ஏறப் போறேன்."

"அம்புட்டுத்தான்."

வீட்டில் பெட்டி ஒரு மாதமாகத் திறந்தே கிடந்தது. மாமன் சீர்: பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, எவர்சில்வர் குடம், குத்துவிளக்கு, டின் டின்னாக அதிரசமும் சீப்புச் சீடையும். இருபத்துமூன்று கிலோவைத் தொடுகிற மாதிரி அடுக்கியிருந்தாள் மீனலோசனி. விஷயத்தைக் கேட்டதும் பெட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடியாத்தீ, வெறுங்கையோடவா ஒரு மாமன் போவாக? அவுக வீட்டு ஆளுக என்ன நெனப்பாக?"

அழுது முடித்துவிட்டு அவளே ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். குடத்தை எடுத்தாள், விளக்கை எடுத்தாள். தங்கக் கம்மலைச் சட்டைப் பைக்குள் வைத்துத் தைத்தாள். பாவாடையும் கொலுசும் ஒரு பொட்டலம் சீடையும் தோள்பைக்குள் போயின. எதற்கும் இருக்கட்டும் என்று புதன்கிழமை சாயங்காலம் அவனுடைய துண்டு ஒன்றை மஞ்சளோடு முடிந்து ஜமால் வீட்டில் கொடுத்துவிட்டும் வந்தாள். அவன் மூளையை நம்பி ஒருதரம் பட்டது போதும் என்று நினைத்திருப்பாள்.

திருச்சிக் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நடுவூருக்கு விசா எங்கே என்று கேட்டாள்.

"நான் அங்க எறங்கலம்மா. மாறி ஏறப் போறேன்" என்று இரண்டாவது போர்டிங் பாஸை நீட்டி, காதுகுத்துக்குப் போகிற கதையையும் சொன்னான்.

"செக்-இன் லக்கேஜ்?"

"இல்லம்மா."

"காதுகுத்துக்குப் போறேங்கிறீங்க, இந்த ஒரு பைதானா?"

"ஆமாம்மா. மடி மட்டுந்தான் கொண்டு போறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, வேல்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

நடுவூர் கனவில் வந்த மாதிரியேதான் இருந்தது. வெள்ளைத் தரை, வெள்ளை விளக்கு. மத்தியான நேரம்தான், ஆனால் அந்த ஹாலுக்குள் பொழுது என்று ஒன்று இல்லை. ஜனங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தார்கள், நாற்காலியில் சாய்ந்தார்கள், எழுந்து போனார்கள். தூரத்தில் தானாகத் திறந்து தானாக மூடுகிற ஒரு கண்ணாடிக் கதவு. விசா உள்ளவர்கள் அதன் வழியாக ஊருக்குள் போனார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வாய் வெயில் உள்ளே விழுந்தது. வேல்பாண்டி அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டான். பதினெட்டு வருஷமாக "எறங்கு, எறங்கு" என்று ஜனங்களை விரட்டிய ஆள், இறங்கக் கூடாத ஸ்டாப்பில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

கண் சொருகியது. கதவு திறந்தது, மூடியது. திறந்தபோது அங்கே தெரிந்தது காரைக்குடியில் அவன் வீட்டு இரும்பு கேட்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம். அயர்லாந்து போவதற்காகத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் லேகா வந்திருந்தாள். காரைத் தெருமுனையிலேயே புருஷனோடு நிறுத்திவிட்டு, கேட்டுக்கு முன்னால் தனியாக நின்றாள்.

"ஒரு மணி நேரந்தாண்ணே. உள்ள வந்து சாமி கும்பிட்டுட்டு அப்படியே போயிர்றேன். தங்கமாட்டேன்."

அவன் கேட்டின் கொண்டியைப் போட்டான். "இந்த வாசப்படியை மிதிக்காத" என்றான்.

அவள் போகவில்லை. வெயிலில் அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே நின்றாள். மீனலோசனி மட்டும் ஒரு செம்புத் தண்ணீரைக் கேட்டுக்கு மேலாக நீட்டினாள். லேகா வாங்கிக் குடித்தாள், செம்பைத் திருப்பிக் கொடுத்தாள், போய்விட்டாள். வேல்பாண்டி அந்த ஒரு மணி நேரமும் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இதை இதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

விழித்துக்கொண்டான். இந்த ஊர்க்காரர்கள் உட்கார நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், குழாயில் குளிர்ந்த தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளுக்கு இவ்வளவு. கூடப் பிறந்தவளுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே. தங்கமாட்டேன் என்றுதானே கேட்டாள், போகிற வழியில் ஒரு மணி நேரம்தானே கேட்டாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்த ஆப்பிரிக்கக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அயர்லாந்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அழகுராஜா ஏர்போர்ட்டுக்கு வந்து காரில் அழைத்துப் போனான். வீட்டுக்கு முன்னால் இறங்கும்போதுதான் வேல்பாண்டி, "ரொம்ப நேரம் காத்துக் கெடந்தீகளா மாப்ள?" என்று கேட்டான். 'மாப்ள' என்ற அந்த ஒரு சொல்லுக்கு அழகுராஜா தலையைக் குனிந்துகொண்டான்.

கதவைத் திறந்து லேகா நின்றாள். கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். காலுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. வேல்பாண்டி வாசலுக்கு வெளியே, மழையிலேயே நின்றுவிட்டான்.

"லேகா, உள்ள வரலாமா ஆத்தா?"

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்கும் அந்தப் பழைய இரும்பு கேட் தெரிந்திருக்க வேண்டும்.

"ஒரு மணி நேரந்தான்னா அங்கனயே நில்லுங்க" என்றாள். "பிள்ளைக்குக் காது ஆறுற வரைக்கும் இருப்பீகன்னா, உள்ள வாங்க."

"இருக்கேன் ஆத்தா. விசா இருக்கு."

அவன் படியைத் தாண்டியதும் அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கீர்த்தி அம்மாவின் காலை விட்டுவிட்டு வந்தாள். மாமனின் இரண்டு பக்கமும் பெட்டியைத் தேடிப் பார்த்தாள், எதுவும் இல்லை. காலியாக இருந்தது மடி ஒன்றுதான். அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.